கேம் முடிந்த பிறகும் கேட்ட காலடிச் சத்தம்: ஒரு கல்லூரி மாணவரின் நிகழ்வு ஆய்வு

இதை எழுத மாணவரும் அவருடைய அம்மாவும் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் கண்டதையும் கேட்டதையும், நாங்கள் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை. நான் ஒரு மனநல மருத்துவமனையில் உளவியலாளராக இருக்கிறேன். போனில் கேம் ஆடி, ஆட்டம் முடிந்த பிறகும் அதன் காட்சியும் சத்தமும் விடாத பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் பெரிய சண்டை நடந்து, போன் உடைந்த பிறகுதான் எங்களிடம் வந்து சேர்கிறார்கள். இந்த மாணவர் அதற்குக் கொஞ்சம் முன்பே வந்தார். அதனால் என்ன நடந்தது என்பதை ஓரளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது.

பின்னணி

மாணவருக்கு அப்போது வயது 19. கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தார். குடும்பம் திருப்பூரில். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார், பாதி ராத்திரிகள் வீட்டில் இருக்க மாட்டார். அக்கா கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மாணவர் சுமாராகப் படிப்பவர், குடிப்பழக்கம் இல்லை, வீட்டில் எல்லோரிடமும் நன்றாகப் பேசுபவர். மனநோய் என்று குடும்பத்தில் யாருக்கும் சிகிச்சை நடந்ததில்லை.

அவர் ஆடியது பேட்டில் ராயல் வகை விளையாட்டு. 100 பேர் ஒரு தீவில் பாராசூட்டில் இறங்குவார்கள், ஆயுதம் தேடி எடுப்பார்கள், ஒருவரையொருவர் சுடுவார்கள். கடைசியில் உயிரோடு இருக்கும் அணிதான் ஜெயிக்கும். கல்லூரி நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து நால்வர் ஸ்குவாட். கல்லூரி நாட்களில் விடுதியில் ஒன்று இரண்டு மணி நேரம் ஆடுவார்கள். அதனால் பெரிய தொந்தரவு இருந்ததில்லை.

செமஸ்டர் விடுமுறையில்தான் நிலைமை மாறியது. உள்ளூர் போட்டி ஒன்றில் சேர நுழைவுக் கட்டணம் கட்டியிருந்தார்கள். நான்கு பேரும் ஒன்றாக ஆடக் கிடைத்தது ராத்திரி நேரம் மட்டும்தான். மே மாத வெக்கையில் வீட்டுக்குள் படுக்க முடியாமல் அவர் மொட்டை மாடிக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனார். பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியற்காலை நாலு மணி வரை போகும். இரண்டு காதிலும் ஹெட்போன். நாலரைக்குப் படுத்தால் வெயில் ஏறும்போது எழுந்துவிடுவார். மூன்று வாரத்துக்கு மேல் இப்படியே போயிருக்கிறது.

இந்த விளையாட்டு எதைப் பழக்குகிறது என்று தெரியாமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. இதில் ஜெயிப்பதற்குச் சுடும் திறமையை விடக் காது முக்கியம். எதிரியின் காலடிச் சத்தம் இடது பக்கமா வலது பக்கமா, மேல் மாடியிலா கீழேயா என்று கண நேரத்தில் பிரித்தறிய வேண்டும். அடுத்தது கண். மேல் மாடி ஜன்னல், மாடிச் சுவரின் விளிம்பு, மரத்தின் பின்புறம் என்று எதிரி ஒளிந்திருக்கக்கூடிய இடங்களை ஓயாமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வரைபடம் இருக்கும், சில வினாடிக்கு ஒரு முறை கண் அங்கே போய்வரும். ஆறு மணி நேரம் இதையே செய்தால் அது ஆறு மணி நேரப் பயிற்சிதான். ஆடுபவர் அப்படி நினைக்காவிட்டாலும் மூளை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது.

முதலில் தெரிந்தவை

முதலில் வந்தது தூங்கப் போகும் நேரத்தில். கண்ணை மூடினால் புல்வெளி ஓடிக்கொண்டே இருந்தது, வலது மூலையில் அந்தச் சின்ன வரைபடமும் தெரிந்தது. இதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்குவாட் நண்பர்களிடம் சொன்னபோது அவர்களும் தங்களுக்கும் அப்படித்தான் என்று சிரித்திருக்கிறார்கள்.

அடுத்து பகலில் வந்தது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண் தானாக ஒவ்வொரு கட்டடத்தின் மேல் மாடிக்கும் போனது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது, உள்ளே நுழைந்ததும் எத்தனை வாசல், எந்த ஜன்னல் வழியாகக் குதிக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. யாராவது பின்னால் கூப்பிட்டால் கட்டைவிரல் அசைந்தது, திரையைத் திருப்புகிற மாதிரி.

மூன்றாவதாக வந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. அமைதியான இடத்தில் இருக்கும்போது, பெரும்பாலும் குளியலறையிலோ படிக்கட்டிலோ, இடது பின்புறம் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. சாதாரணக் காலடிச் சத்தம் இல்லை, கேமில் வரும் அதே சத்தம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. இந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் அவர் நண்பர்களிடம்கூடச் சொல்லவில்லை. போனில் தேடிப் பார்த்திருக்கிறார். ஆள் இல்லாமல் சத்தம் கேட்டால் ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று வந்திருக்கிறது. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டார். பயத்தை மறக்க இன்னும் அதிகமாக ஆடினார்.

வீட்டில் புரிந்துகொண்ட விதம்

அம்மாவின் கண்ணில் பட்டது வேறு. பையன் சாப்பிடும்போது சட்டென்று பின்னால் திரும்பினான். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று காது கொடுத்தான். கூப்பிட்டால் பதில் வர நேரமானது. இத்தனையும் ராத்திரி மொட்டை மாடியில் தனியாகப் படுக்க ஆரம்பித்த பிறகு. ஏதோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் சொல்ல, கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள்.

அந்தக் கயிற்றைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனித்தது அந்த வீடுதான், தங்களுக்குத் தெரிந்த வழியில் உடனே ஏதாவது செய்யவும் செய்தார்கள். ஆனால் அவனுக்கு என்ன தோன்றுகிறது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. பின்னால் ஆஸ்பத்திரியில் கேட்பதற்குக்கூட அவர்கள் தயங்கினார்கள், கேட்டால் இன்னும் பயந்துவிடுவான் என்று.

வண்டியிலிருந்து விழுந்தது

விடியும் வரை ஆடிவிட்டுத் தூங்காமலே, பால் வாங்கப் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். தெரு காலியாக இருந்தது. இடது பின்புறம் ஒரு வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. உடம்பு தானாக வலது பக்கம் ஒதுங்கியது, அதாவது நடுரோட்டுக்கு. எதிரே வந்த டெம்போக்காரர் சுதாரித்து நிறுத்திவிட்டார். இவர் பைக்கோடு சரிந்தார். முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு, எலும்பு முறிவு இல்லை. ஹெல்மெட் போட்டிருக்கவில்லை, தலை அடிபடாமல் தப்பியது அதிர்ஷ்டம்தான்.

காயத்துக்குக் கட்டுப்போட்ட மருத்துவர், எப்படி விழுந்தாய் என்று விசாரித்தார். அப்போதுதான் மாணவர் முதல் தடவையாக, “சத்தம் கேட்டுச்சுங்க சார், ஒதுங்கிட்டேன்” என்று சொன்னார். அந்த வண்டிச் சத்தம் நிஜமானதா இல்லையா என்றே அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது. மருத்துவர் எங்களிடம் அனுப்பிவைத்தார்.

முதல் சந்திப்பு

அம்மா, அக்கா, மாணவர் மூவரும் வந்தார்கள். எல்லோரையும் கொஞ்ச நேரம் ஒன்றாகப் பார்த்துவிட்டு மாணவரைத் தனியாக உட்கார வைத்தேன். வெகு நேரம் கையில் கட்டியிருந்த கயிற்றையே திருகிக்கொண்டிருந்தார்.

“தம்பி, கேம்ல உங்க ரோல் என்ன?” என்று கேட்டேன்.

“மேடம்?”

“ஸ்குவாட்ல யாராவது முன்னாடி போவாங்க, யாராவது பின்னாடி கவர் பண்ணுவாங்கல்ல. நீங்க எது?”

நிமிர்ந்து பார்த்தார். “நான் பின்னாடிங்க மேடம். யாராச்சும் வர்றாங்களான்னு கேட்டுச் சொல்றது நான்தான்.”

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. எங்கே கேட்கிறது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம், விளையாடி எவ்வளவு நேரம் கழித்து. அவர் சொல்லச் சொல்ல, பின்புறத்துச் சத்தம் ஏன் அவருக்குக் கேட்டது என்பதும் விளங்கியது. அந்த அணியில் அவருடைய வேலையே அதுதான்.

“ஆஸ்பத்திரியில சேத்திருவீங்களா?” என்று கடைசியில் கேட்டார். இந்தக் கேள்வியோடு ஒரு பையன் வாரக்கணக்கில் தனியாக இருந்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

மனநோயா என்று பார்த்தது

இதை எடுத்த எடுப்பில் “கேம்தான் காரணம்” என்று ஒதுக்கிவிட முடியாது. மனச்சிதைவு நோய் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் இந்த வயதில்தான், பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும். அதனால் எங்கள் மனநல மருத்துவரும் நானும் தனித்தனியாகப் பேசிப் பார்த்தோம்.

சத்தம் கேட்டபோது, அது தன் மனசில் வருவது என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்த அடுத்த நொடியில் அது கேம் சத்தம் என்று அடையாளம் கண்டுகொண்டார். யாரும் அவரைப் பற்றிப் பேசும் குரல் இல்லை, கட்டளையிடும் குரல் இல்லை. தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள், கொல்லப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை இல்லை. வந்ததெல்லாம் அந்த ஒரு விளையாட்டிலிருந்து வந்தவை, சில வினாடியில் மறைபவை. நீண்ட நேரம் ஆடிய மறுநாள் அதிகம், ஆடாத நாளில் குறைவு. கஞ்சா பழக்கம் இல்லை என்றார், அக்காவும் தனியாகக் கேட்டபோது அதையே சொன்னார். நினைவு தப்புவது, வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுவது, நாக்கைக் கடிப்பது என வலிப்பைச் சந்தேகிக்கும் அறிகுறி எதுவும் இல்லை. காது பரிசோதனையும் செய்யச் சொன்னோம், பல மணி நேர ஹெட்போன் என்பதால். அதில் குறை இல்லை.

தூக்கம்தான் எங்களை உறுத்தியது. ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரமே தூங்கியிருக்கிறார். கேம் ஆடாத ஆளுக்குக்கூட வாரக்கணக்கில் அப்படித் தூக்கம் கெட்டால் கண்ணும் காதும் ஏமாற்ற ஆரம்பிக்கும்.

இது பற்றி ஏற்கெனவே தெரிந்தவை

1984-ல் அலெக்சி பஜித்னோவ் மாஸ்கோவில் உருவாக்கிய, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டிலேயே இது தெரிய ஆரம்பித்தது. நீண்ட நேரம் ஆடியவர்களுக்குக் கண்ணை மூடினால் கட்டங்கள் விழுந்தன. அதற்கு டெட்ரிஸ் விளைவு என்றே பெயர் வந்தது. 2000-ல் ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் குழுவினரும் 27 பேரை மூன்று நாளில் மொத்தம் ஏழு மணி நேரம் டெட்ரிஸ் ஆடவைத்து, தூங்கப் போகும் நேரத்தில் என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். 17 பேர் கட்டங்கள் விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்த 27 பேரில் ஐந்து பேர் புது நினைவே தங்காத மறதி நோயாளிகள். ஆடியதே ஞாபகம் இல்லாத அவர்களில் மூன்று பேருக்கும் அதே காட்சி வந்தது. நாமாக நினைவுபடுத்திப் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அதிலிருந்து தெரிகிறது. மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் தெளிந்தது.

பிறகு 2011-ல் ஏஞ்செலிகா ஓர்டிஸ் டி கோர்டாரி, காரின் அரோன்சன், மார்க் கிரிஃபித்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 15 முதல் 21 வயது வரையுள்ள 42 பேரைப் பேட்டி கண்டு, கேம் ஆட்டம் முடிந்தபின் அன்றாட வாழ்வில் கலப்பதைப் பற்றி எழுதினார்கள். இணையம் வழியாக 2,362 பேரிடம் கோர்டாரியும் கிரிஃபித்ஸும் நடத்திய பின்னாளைய கணக்கெடுப்பில் 97 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் இதை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் அந்த எண்ணை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொருத்தக்கூடாது. ஆனால் ஒரே மூச்சில் நீண்ட நேரம் ஆடுவதோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது என்பதும் அந்த ஆய்வுகளில் வந்தது. எங்களுக்கு அது முக்கியமாகப் பட்டது.

கேமிங் டிசார்டர் என்ற நோய் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-யின் 11-ஆம் பதிப்பில் அது இருக்கிறது, 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பதிப்பு நடைமுறையில் உள்ளது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும் விட கேமே முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது என்பவை பொதுவாக 12 மாதமாவது இருக்க வேண்டும். இந்த மாணவர் அதற்குள் வரவில்லை. வராத ஒருவருக்கும் கண்ணும் காதும் இந்த அளவுக்கு மாறலாம்.

எடுத்த முடிவுகள்

மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தோம். மனச்சிதைவுக்கான மாத்திரையைச் சந்தேகத்தின் பேரில் தொடங்கினால் பக்கவிளைவு ஒரு பக்கம், மருந்தால் சரியானதா தூக்கத்தால் சரியானதா என்று தெரியாமல் போவது இன்னொரு பக்கம். அதற்குப் பதிலாக வாராவாரம் நேரில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

பைக் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும், நாங்கள் சொல்லும் வரை வண்டி ஓட்டக்கூடாது. இதில் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை.

கேம் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. இரண்டு வாரம் முழுசாக நிறுத்தினால் அதுவே ஒரு பரிசோதனை, நிறுத்திய பிறகும் சத்தம் கேட்டால் வேறு நோயை யோசிக்கலாம் என்றார் மருத்துவர். எனக்கு அதில் உடன்பாடுதான். ஆனால் போனைப் பிடுங்கி நிறுத்தினால் நண்பன் போனில் ஒளித்து ஆடுவார், நம்மிடம் ஆடவில்லை என்பார், பரிசோதனையே பொய்யாகிவிடும். அதனால் அவரிடமே எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதத்தோடு நிறுத்தச் சொன்னோம். இடையில் ஆடிவிட்டால் திட்டு கிடையாது, ஆனால் எங்களிடம் சொல்ல வேண்டும். “போட்டி இருக்குதுங்க மேடம்” என்றார். மாற்று ஆள் ஒருவரை அவரே ஏற்பாடு செய்து, எங்கள் முன்னால் கேமை நீக்கினார். போன் அவரிடமே இருந்தது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. போனை உடைத்துப் போட்டால் முடிந்தது கதை என்றார். உடைத்தால் அடுத்த தடவை சத்தம் கேட்கும்போது உங்களிடம் சொல்ல மாட்டான் என்று சொன்னோம். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார்.

படுக்கையை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்து, பதினொரு மணிக்குள் தூங்கப் போவது என்று ஆனது. எத்தனை மணிக்குத் தூங்கினார், எதைக் கண்டார், எதைக் கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னோம்.

அம்மா புரிந்துகொண்ட விதம்

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மூளை, கவனம், பயிற்சி என்று நான் சொன்னதெல்லாம் அவரிடம் போய்ச் சேரவில்லை. அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். ஏற்றுமதி அவசரத்தில் ஓவர்டைம் பார்க்கும் நாட்களில், நாள் முழுக்கத் துணியில் ஓட்டை, கறை, தையல் பிசகு தேடுகிறாரே, அந்த நாட்களில் பேருந்தில் வரும்போது எப்படி இருக்கும் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். “முன்னாடி நிக்கறவரு சட்டையிலதானுங்க கண்ணு போகும். தையல் கோணலா இருந்தா கையில எடுத்து ஸ்டிக்கர் ஒட்டணும்னு வருமுங்க.” சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். “இவனுக்கும் அந்த மாதிரிங்களா?”

அன்றைக்குத்தான் அவர் மகனிடம் நேராகக் கேட்டார், “என்ன கண்ணு கேக்குது உனக்கு?” என்று. அதற்குப் பிறகு வீட்டில் அவன் திரும்பிப் பார்த்தால் யாரும் பதறவில்லை. சத்தமா என்று கேட்பார்கள், ஆமாம் என்பான், அவ்வளவுதான்.

அடுத்த வாரங்கள்

முதல் சில நாட்கள் தூக்கம் வரவில்லை. உடம்பு நாலு மணிக்குப் பழகியிருந்தது. கண்ணை மூடினால் வந்த காட்சிகள்தான் முதலில் மங்கின. ஜன்னல்களைத் துழாவுவது அடுத்துக் குறைந்தது. காலடிச் சத்தம் பிடிவாதமாக இருந்தது, ஆனால் இடைவெளி கூடியது.

முதல் வாரக் கடைசியில் அத்தை மகன் வீட்டுக்குப் போனவர் அங்கே அவன் போனில் ராத்திரி வெகு நேரம் ஆடிவிட்டார். மறுநாள் படிக்கட்டில் சத்தம் மறுபடி தெளிவாகக் கேட்டது. நோட்டில் இரண்டையும் எழுதி, சந்திப்பில் தானாகவே காட்டினார். எங்களுக்கு இருந்த சந்தேகம் பெருமளவு தீர்ந்தது அதில்தான். ஆடினால் வருகிறது, நிறுத்தினால் போகிறது. கெஞ்சியோ மிரட்டியோ நிறுத்தியிருந்தால் இந்தப் பக்கம் எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

கல்லூரி திறப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. வண்டி ஓட்ட அனுமதித்தோம், ஹெல்மெட்டோடு, முந்தின ராத்திரி சரியாகத் தூங்கியிருந்தால் மட்டும். கேமை மறுபடி நிறுவிக்கொண்டார். வாரக் கடைசியில் ஆடுகிறார், ஒரே அமர்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போவதில்லை, பத்து மணிக்கு மேல் இல்லை. சில மாதம் கழித்து வந்தபோது, எப்போதாவது மேல் மாடி ஜன்னலுக்குக் கண் போகிறது, ஆனால் பயமில்லை என்றார்.

இடையில் ஒரு சந்திப்பில் அவர் சொன்னதற்கு நாங்கள் தயாராக இருக்கவில்லை. “இப்ப ரோடு வெறும் ரோடா இருக்குதுங்க மேடம். எதுவுமே இல்லாத மாதிரி.” காட்சிகள் போன பிறகு அவருக்கு மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தோம். அவருக்கு வந்தது வெறுமை. அத்தனை வாரம் ஒவ்வொரு தெருவிலும் ஏதோ நடக்கப்போகிறது என்ற விழிப்போடு நடந்தவர், அது இல்லாமல் வீடு, கடை, பேருந்து எல்லாவற்றையும் சப்பென்று உணர்ந்தார். நண்பர்களோடு பேச வேறு விஷயமும் இல்லை. ஸ்குவாட் வேறு ஆளோடு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை விட இதுதான் அவரை மறுபடி ராத்திரி ஆட்டத்துக்கு இழுத்துப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். அக்கா அவரைத் தன் தெருப் பையன்களோடு காலையில் ஷட்டில் ஆட அனுப்பினார். நாங்கள் சொன்ன யோசனை இல்லை அது. அவராகச் செய்தது, மற்ற எல்லாவற்றையும் விட அது உதவியது.

இப்போது மாற்றிச் செய்பவை

முதல் சந்திப்புப் படிவத்தில், எவ்வளவு நேரம் போன் பார்க்கிறாய் என்ற கேள்வி மட்டும்தான் இருந்தது. இப்போது என்ன கேம், அதில் உன் வேலை என்ன, முடித்த பிறகு எதைக் காண்கிறாய், எதைக் கேட்கிறாய் என்று கேட்கிறோம். வண்டி ஓட்டுவாயா என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். கேம் நிறுத்தும் நாளிலேயே அந்த நேரத்துக்கு என்ன செய்யப்போகிறாய் என்றும் பேசிவிடுகிறோம், அந்தச் சப்பென்ற உணர்வு வரும் வரை காத்திருப்பதில்லை. கல்லூரி விடுதிக் காப்பாளரையும் ஆரம்பத்திலேயே, மாணவர் ஒப்புக்கொண்டால், சேர்த்துக்கொள்கிறோம். இவரோடு ராத்திரி ஆடிய மற்ற மூவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

ஒரு மாணவரின் கதையை வைத்து எல்லோருக்கும் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. சத்தம் கேமோடு சம்பந்தமில்லாமல் வந்தாலோ, பேசும் குரலாக இருந்தாலோ, பிள்ளை அதை நிஜம் என்று நம்பினாலோ, ஒரு வாரம் நன்றாகத் தூங்கி ஆடாமல் இருந்தும் குறையாவிட்டாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். போக முடியாத ஊரில் இருப்பவர்கள் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.